மேடையில் டேப்லெட்: பாட்டு வேறு, வரிசை வேறு

"ஐந்து பேர் கொண்ட இசைக்குழு. ஒவ்வொருவரும் பாட்டுத் தாள்கள் அடங்கிய ஒரு தடித்த ஃபைலைச் சுமக்கிறோம். இரண்டரை மணி நேர நிகழ்ச்சியில் பாட்டு வரிசை மூன்று தடவையாவது மாறும். டேப்லெட்டுக்கு மாறினால் இந்தத் தலைவலி தீருமா? எந்தச் செயலி நல்லது? மேடையில் அது உயிரை விட்டுவிட்டால் என்ன கதி?" இதுதான் கேள்வி.

தீரும். ஆனால் ஃபைலில் இருக்கும் தாள்களை ஸ்கேன் செய்து அப்படியே உள்ளே தள்ளினால் தீராது. அதே தலைவலி கொஞ்சம் வெளிச்சமாகத் தெரியும், அவ்வளவுதான்.

நான் கீபோர்டு வாசிப்பவன். முதல் தடவை நானும் அதைத்தான் செய்தேன். முழு நிகழ்ச்சியையும் வரிசைப்படி ஒரே பிடிஎஃப் ஆக்கி, அறுபது எழுபது பக்கம், பெருமையாக ஸ்டாண்டில் வைத்தேன். நாலாவது பாட்டு முடிந்ததும் பாடகர் திரும்பி, "அடுத்ததை விட்டுடுங்க, பதினொண்ணாவதை இப்பவே எடுத்துடலாம்" என்றார். கிடார் வாசிப்பவர் ஃபைலிலிருந்து ஒரு தாளை உருவி முன்னால் வைத்துக்கொண்டார். நான் விரலால் பக்கங்களைத் தள்ளிக்கொண்டே இருந்தேன். பாட்டைத் தொடங்கும் கவுண்ட் முடிந்து முதல் நாலு பார் (தாளச் சுற்று) நான் இல்லாமலே போனது.

காகித ஃபைலில் தாள் தனித்தனியாக இருப்பது ஒரு வசதி என்றே எனக்கு அதுவரை தோன்றியதில்லை. நான் அந்த வசதியை அழித்துவிட்டுத்தான் டேப்லெட்டுக்கு வந்திருந்தேன். பாட்டு வேறு, வரிசை வேறு. இரண்டையும் ஒன்றாகக் கட்டினால் எந்தக் கருவியும் காப்பாற்றாது. 2012லேயே பிரஸ்ஸல்ஸ் ஃபில்ஹார்மோனிக் இசைக்குழு காகிதத்தை விட்டு டேப்லெட் வைத்து வாசித்துக் காட்டியது. ஆனால் அங்கே யாரும் நடுவில் திரும்பி "இரண்டாவது பகுதியை அப்புறம் பார்த்துக்கலாம்" என்று சொல்லப்போவதில்லை. நம் மாதிரிக் குழுக்களுக்குப் பக்கம் புரட்டுவதைவிட வரிசை மாறுவதுதான் பெரிய வேலை.

அதனால் செயலியைத் தேடுவதற்கு முன்னால் பாட்டுகளைத் தயார் செய்யுங்கள். ஒரு பாட்டுக்கு ஒரு கோப்பு. கோப்பின் பெயரில் 01, 02 என்று எண் போடாதீர்கள். அந்த எண் வரிசைக்குச் சொந்தம், பாட்டுக்கு இல்லை. பெயரில் பாட்டின் முதல் வரி, ஸ்கேல் (எந்தச் சுருதியில் பாடுவது) இரண்டும் இருந்தால் போதும். ஏன் முதல் வரி என்றால், மேடையில் யாரும் பாட்டை அதன் அதிகாரபூர்வப் பெயரில் கேட்க மாட்டார்கள். வாயில் வருகிற வரியைத்தான் சொல்வார்கள். டெம்போ (பாட்டின் வேகம்), எத்தனை நிமிடம், யார் பாடுவது, இவற்றையெல்லாம் செயலியில் அதற்கென்று இருக்கும் கட்டங்களில் நிரப்புங்கள். சலிப்பான வேலைதான். நூறு பாட்டுக்கு இரண்டு மூன்று மாலைப் பொழுது போகும். பின்னால் அந்த நேரம் வட்டியோடு திரும்பி வரும்.

நல்ல செயலி எதுவானாலும் செட்லிஸ்ட், அதாவது நிகழ்ச்சியின் பாட்டு வரிசை, பாட்டுகளின் நகல் அல்ல, அவற்றைச் சுட்டும் வெறும் பட்டியல்தான். ஒரே பாட்டு இருபது பட்டியல்களில் இருக்கலாம். இடையிசையில் ஒரு கார்டை (chord, சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டு) திருத்தினால் இருபதிலும் திருந்திவிடும். பட்டியலிலிருந்து நீக்கினாலும் பாட்டு நூலகத்தில் பத்திரமாக இருக்கும். இதற்கு ஒரு மறுபக்கமும் உண்டு. இன்று பாடகிக்காக ஒரு பாட்டை ஜி ஸ்கேலுக்கு மாற்றி வைக்கிறீர்கள். அடுத்த வாரம் பாடகர் அதை டி ஸ்கேலில் பாட வரும்போதும் திரையில் ஜி தான் இருக்கும். சில செயலிகளில் பட்டியலுக்கு ஏற்ப ஸ்கேலைத் தனியாக வைத்துக்கொள்ளலாம். அந்த வசதி இல்லாவிட்டால் ஒரே பாட்டுக்கு இரண்டு பதிப்பு வைத்து, ஸ்கேலைப் பெயரிலேயே எழுதிவிடுங்கள். மேடையில் ஸ்கேலை மாற்றும் ட்ரான்ஸ்போஸ் பொத்தானைத் தேடிக்கொண்டிருக்கக் கூடாது.

ஸ்கேன் செய்த பக்கத்தை ட்ரான்ஸ்போஸ் செய்ய முடியாது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அது வெறும் படம். ஸ்வரமோ ஐந்து கோட்டில் எழுதும் ஸ்டாஃப் நோட்டேஷனோ வாசிப்பவர்களுக்கு அதனால் நஷ்டமில்லை, பிடிஎஃப் போதும். வரியும் கார்டும் மட்டும் பார்த்து வாசிப்பவர்கள் கார்ட்ப்ரோ என்ற எழுத்து வடிவத்துக்கு மாறுவது நல்லது. 1990களின் தொடக்கத்திலிருந்து இருக்கும் எளிய முறை இது. எந்த எழுத்தில் கார்டு மாறுகிறதோ அதற்கு முன்னால் சதுர அடைப்புக்குள் கார்டின் பெயரை எழுதிவிட வேண்டும். செயலி அதைத் தூக்கி வரிக்கு மேலே சரியான இடத்தில் வைக்கும். வரிக்கு மேலே இடைவெளி விட்டு விட்டுக் கார்டை எழுதும் பழைய முறை, எல்லா எழுத்தும் ஒரே அகலம் உள்ள ஃபாண்டில்தான் நிற்கும். தமிழில் 'ர'வும் 'ணௌ'வும் ஒரே அகலமா? எழுத்தைக் கொஞ்சம் பெரிதாக்கினால் கார்டெல்லாம் பக்கத்து வார்த்தைக்கு நகர்ந்து உட்கார்ந்துகொள்ளும். கார்ட்ப்ரோவில் அந்தத் தொல்லை இல்லை, ஸ்கேலும் ஒரு தட்டில் மாறும்.

சரி, வரிசைக்கு வருவோம். பட்டியலைப் போடும்போது செயலி மொத்த நிமிடத்தைக் கூட்டிச் சொல்லும். அதை அப்படியே நம்பாதீர்கள். நாலு நிமிடப் பாட்டு பதினைந்து என்றால் கணக்கு 60 நிமிடம் காட்டும். இடையில் பதினாலு இடைவெளிகள் இருக்கின்றன. கைத்தட்டல், இரண்டு வார்த்தைப் பேச்சு, ட்யூனிங் என்று ஒவ்வொன்றும் 40 விநாடி எடுத்தாலே ஒன்பது நிமிடத்துக்கு மேல் சேர்ந்துவிடும். நான் பாட்டின் நீளத்திலேயே அரை நிமிடம் கூட்டி எழுதிவிடுவேன். பேச்சுக்கும் இடைவேளைக்கும் பட்டியலில் வெற்றுப் பக்கம் ஒன்றைச் செருகுங்கள். "இங்கே அறிமுகம்", "இங்கே கிடார் மாற்றம்" என்று பெரிய எழுத்தில் இருந்தால், யாரும் அவசரப்பட்டு அடுத்த பாட்டின் கவுண்டைத் தொடங்க மாட்டார்கள். பட்டியலின் கடைசியில் நாலைந்து உபரிப் பாட்டுகளை வையுங்கள்: கூட்டம் சோர்ந்தால் ஒன்று, கரண்ட் கோளாறில் மைக் மட்டும் வேலை செய்தால் ஒன்று, நேரம் மிஞ்சினால் ஒன்று.

இனி நீங்கள் கேட்ட முக்கியமான இடம், நடுவில் வரிசை மாறுவது. இதில் எல்லோரும் விழும் குழி ஒன்று உண்டு. பட்டியலில் ஐந்தாவது பாட்டில் இருக்கிறீர்கள். யாரோ ஒரு பாட்டைக் கேட்கிறார்கள். நூலகத்துக்குப் போய்த் தேடித் திறக்கிறீர்கள், வாசிக்கிறீர்கள். முடிந்ததும் பக்கம் புரட்டும் பெடலை மிதித்தால் பட்டியலின் ஆறாவது பாட்டு வராது. நூலகத்தில் அகர வரிசைப்படி அதற்கு அடுத்து இருக்கும் ஏதோ ஒரு பாட்டு வந்து நிற்கும், அல்லது எதுவுமே வராது. செயலிக்குச் செயலி இது மாறும். பட்டியலை விட்டு வெளியே போகாமல், ஓடும் பாட்டுக்குப் பின்னால் புதிய பாட்டைச் செருகும் வழி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதை மட்டுமே பழகுங்கள். செயலியை வாங்கும் முன் நான் முதலில் சோதிப்பது இதைத்தான். மற்ற அலங்காரமெல்லாம் அப்புறம். இரண்டு கையும் வேலையாக இருக்கும்போது பட்டியலை இழுத்து மாற்றி அடுக்கும் வேலையே வேண்டாம். தாவிப் போங்கள், வாசியுங்கள், திரும்பி வாருங்கள். விட்டுப்போன பாட்டு விட்டுப்போன இடத்திலேயே இருக்கட்டும்.

ஐந்து பேருக்கும் ஒரே பட்டியல் எப்படி? பட்டியலை மாற்றும் உரிமை ஒருவருக்கு மட்டும் இருக்க வேண்டும். இது தொழில்நுட்பம் இல்லை, குழு ஒழுக்கம். இன்றைய செயலிகளில் பெரும்பாலானவற்றில் பட்டியலை இணையம் வழியாக எல்லோருக்கும் அனுப்பலாம். பேண்ட்ஹெல்பர் போன்றவை அதற்காகவே உருவானவை. ஆனால் நிகழ்ச்சி நாளில் ஒரு நேரம் குறித்து, அதற்குப் பிறகு யாரும் தொடக் கூடாது என்று வையுங்கள். சவுண்ட் செக் முடியும்போது ஐந்து திரையிலும் கடைசிப் பாட்டு ஒன்றுதானா என்று வாய்விட்டுச் சொல்லிச் சரிபார்ப்பது இன்றும் எங்கள் வழக்கம். மேடையில் ஒருவர் பக்கம் புரட்டினால் மற்ற எல்லோர் திரையும் புரளும் வசதியும் உண்டு. கேட்க அழகாக இருக்கும். தலைமை டேப்லெட்டில் இருப்பவர், பாட்டு ஓடும்போதே "அடுத்தது என்ன?" என்று எட்டிப் பார்த்தால், நாலு பேரின் பக்கமும் சரணத்தின் நடுவில் பறந்துவிடும். நாங்கள் ஒரு மாலை முயன்று பார்த்து விட்டுவிட்டோம்.

இதே எட்டிப் பார்க்கும் பழக்கம் எனக்கு இன்னொரு இடத்தில் அடி வாங்கிக் கொடுத்தது. டேப்லெட்டில் பாட்டைத் திறந்ததும், கீபோர்டில் அந்தப் பாட்டுக்கான டோன் (எந்த வாத்தியத்தின் ஒலி) தானாக மாறும்படி மிடி கட்டளை அனுப்பலாம். மிடி என்பது மின்னணு இசைக்கருவிகள் ஒன்றோடொன்று பேசும் முறை. 1983லிருந்து இருக்கும் பொதுத் தரநிலை என்பதால் பழைய கீபோர்டும் புரிந்துகொள்ளும். மெல்லிய பியானோ டோனில் ஒரு பல்லவி போய்க்கொண்டிருக்கிறது. நான் அடுத்த பாட்டைத் திறந்து பார்த்தேன். அதன் டோன், ஊரையே எழுப்பும் ட்ரம்பெட் வகை ப்ராஸ். பாடகர் திரும்பிப் பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை. இப்போது, பாட்டைத் திறந்தால் எதுவும் போகக் கூடாது, திரையில் ஒரு பொத்தானைத் தட்டினால் மட்டும் போக வேண்டும் என்று வைத்திருக்கிறேன். மிடியில் இன்னொரு பொறி, எண்கள். டோன் எண் உள்ளுக்குள் 0 முதல் 127 வரை. சில கருவிகள் திரையில் அதை 1 முதல் 128 என்று காட்டும். ஆகவே நீங்கள் கேட்டதற்குப் பக்கத்து டோன் வந்தால் கருவி பழுதில்லை, ஒன்றைக் கூட்டிப் பாருங்கள் அல்லது கழித்துப் பாருங்கள். மிடியைப் ப்ளூடூத்திலும் அனுப்பலாம். நான் கம்பியையே நம்புகிறேன்.

பெடல் கட்டாயம் வாங்குங்கள். கையால் புரட்ட ஒரு பார் போதும் என்று தோன்றும், அந்த ஒரு பார் கிடைக்கவே கிடைக்காது. ஏர்டர்ன், பேஜ்ஃப்ளிப் போன்ற ப்ளூடூத் பெடல்கள் பெரும்பாலும் டேப்லெட்டிடம் தங்களைக் கீபோர்டு என்றுதான் அறிமுகம் செய்துகொள்கின்றன. வாசிக்கும் கீபோர்டு இல்லை, தட்டச்சுக் கீபோர்டு. மிதித்தால் அம்புக்குறி விசையை அழுத்திய மாதிரி. இதனால் ஒரு வேடிக்கை நடக்கும்: நிஜக் கீபோர்டு இருப்பதாக நினைத்து, டேப்லெட் திரையில் வரும் கீபோர்டை மறைத்துவிடும். கூட்டத்திலிருந்து ஒரு பாட்டைக் கேட்கிறார்கள், தேடும் கட்டத்தைத் தட்டுகிறீர்கள், எழுத்தே வராது. உங்கள் பெடலில் திரைக் கீபோர்டை வரவழைக்க என்ன வழி என்று வீட்டிலேயே பார்த்து வையுங்கள். சில பெடல்கள் கொஞ்ச நேரம் மிதிக்காவிட்டால் தூங்கிவிடும். நீண்ட பேச்சு முடிகிற நேரத்தில் ஒரு தடவை மிதித்து எழுப்பி, பக்கம் நகர்ந்திருந்தால் திருப்பி வைத்துக்கொள்ளுங்கள்.

பெடல் எப்போதும் முன்னால் மட்டுமே போக வேண்டும். பல்லவிக்குத் திரும்ப வேண்டும் என்றால் பின்னால் இரண்டு மிதி, மறுபடி முன்னால் மூன்று மிதி என்று கணக்கு வைத்தால் ஒரு நாள் தவறும். முதல் பக்கத்தை மூன்றாவது பக்கமாக இன்னொரு தடவை வைத்துவிடுங்கள். ஃபோர்ஸ்கோர், மொபைல்ஷீட்ஸ் போன்ற செயலிகளில் நகல் எடுக்காமலே பக்க வரிசையை மாற்றி அமைக்கலாம்.

செயலி எது என்ற கேள்வி உங்கள் கையில் என்ன டேப்லெட் இருக்கிறது என்பதிலேயே பாதி முடிந்துவிடும். ஃபோர்ஸ்கோரும் ஆன்சாங்கும் ஆப்பிள் கருவிகளுக்கானவை. முன்னது பிடிஎஃப் நோட்டேஷனுக்கு, பின்னது வரியும் கார்டும் பார்ப்பவர்களுக்கு. மொபைல்ஷீட்ஸ் ஆண்ட்ராய்டிலும் விண்டோஸிலும் நல்ல பெயர் எடுத்தது. குழுவில் கலந்து கட்டிய கருவிகள் இருந்தால் பேண்ட்ஹெல்பர் மாதிரி இரண்டு பக்கமும் ஓடுவதைப் பாருங்கள். நான் ஃபோர்ஸ்கோர்காரன், அதனால் என் சாய்வைக் கழித்துப் படியுங்கள்.

திரை அளவில் கஞ்சம் வேண்டாம். ஏ4 தாளைச் செங்குத்தாக வைத்தால், 12.9 அங்குல ஐபேடில் ஏறக்குறைய 88 சதவீத அளவில் தெரியும். ஓரத்து வெள்ளையை வெட்டிவிட்டால் தாளுக்குச் சமம். நீளமும் ஒடுக்கமுமான 10.1 அங்குல டேப்லெட்டில் அதே தாள் 65 சதவீதத்துக்குச் சுருங்கிவிடும். வரியும் கார்டும் மட்டும் பார்ப்பவர்களுக்குச் சின்னத் திரை போதும், எழுத்தைப் பெரிதாக்கிக்கொள்ளலாம். நோட்டேஷன் பார்ப்பவர்களுக்குப் போதாது. இருட்டு மேடையில் கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்து வையுங்கள். இல்லாவிட்டால் திரை வெளிச்சம் கீழிருந்து முகத்தில் அடித்து, பேய்க்கதை சொல்ல வந்தவர் மாதிரி தெரிவீர்கள். சிவப்பு விளக்கில் காகிதத்தின் சிவப்பு மைக் குறிப்பெல்லாம் மாயமாகும். டேப்லெட்டில் அந்தப் பிரச்சினை கிடையாது. டேப்லெட்டின் எதிரி வெயில். ஐபேடைச் சுற்றுப்புற வெப்பம் 35 டிகிரி செல்சியஸைத் தாண்டாத இடத்தில் பயன்படுத்தச் சொல்கிறது ஆப்பிள். மிஞ்சிச் சூடானால் திரை மங்கும், கடைசியில் எச்சரிக்கை ஒன்றைக் காட்டிவிட்டு வேலை நிறுத்தம். திறந்தவெளிப் பகல் நிகழ்ச்சி என்றால் நிழல் எங்கே விழுகிறது என்று பார்த்து ஸ்டாண்டைப் போடுங்கள், தடித்த உறையைக் கழற்றிவிடுங்கள், திரையை முழு வெளிச்சத்தில் வைத்துக்கொண்டு சார்ஜும் போடாதீர்கள்.

கிளம்புவதற்கு முந்தின நாள் நான் செய்வது இது. விமானப் பயன்முறையில் போட்டு ப்ளூடூத்தை மட்டும் திறந்துவிட்டு, பட்டியலை முதல் பாட்டிலிருந்து கடைசி வரை பக்கம் பக்கமாகப் பெடலால் புரட்டுவேன். பத்து நிமிட வேலை. இணையத்தில் (க்ளவுட்) சேமித்த கோப்புகள் பெயரை மட்டும் காட்டி உள்ளடக்கத்தைக் கொண்டு வராமல் ஏமாற்றுவது இதில்தான் பிடிபடும். திரை தானாக அணையும் நேரத்தை 'ஒருபோதும் வேண்டாம்' என்று வைக்க வேண்டும். அறிவிப்புகள், அழைப்புகள் எதுவும் கூடாது. ஐபேடில் கைடட் ஆக்சஸ், ஆண்ட்ராய்டில் ஆப் பின்னிங் (பழைய பதிப்புகளில் ஸ்க்ரீன் பின்னிங்) என்று ஒரு பூட்டு உண்டு. கை தவறுதலாகப் பட்டாலும் செயலியை விட்டு வெளியே போகாது. நிகழ்ச்சி வாரத்தில் இயங்குதளத்தையோ செயலியையோ புதுப்பிக்கவே கூடாது. பேக்கிங் ட்ராக்கும் (முன்பே பதிவு செய்த பின்னணி இசை) அதே டேப்லெட்டிலிருந்து ஓடுகிறது என்றால், சார்ஜர் செருகியதும் ஸ்பீக்கரில் ஹம் என்ற இரைச்சல் வருகிறதா என்று சவுண்ட் செக்கில் கேட்டுவிடுங்கள். முடிந்தால் ட்ராக்குக்கு வேறு கருவி வையுங்கள். வரியும் போய் ட்ராக்கும் போய் நிற்பது இரட்டை அவமானம்.

உயிரை விட்டால் என்ன கதி என்று கேட்டீர்களே. நடக்கும், அபூர்வமாக. அன்றைய பட்டியலைப் பிடிஎஃப் ஆக ஏற்றுமதி செய்து கைபேசியில் வைத்திருங்கள். ஒரே பிடிஎஃப், வரிசைப்படி. ஆமாம், நான் ஆரம்பத்தில் திட்டிய அதே சாமான்தான், மாற்று ஏற்பாடாக அது நல்லது. இன்னொன்று, தடித்த மார்க்கரில் எழுதிய ஒற்றைத் தாள்: பாட்டின் பெயர், ஸ்கேல், யார் தொடங்குவது. மானிட்டர் ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் தரையில் ஒட்டிவிடுங்கள். ஐந்து பேருக்கும் தெரிகிற ஒன்று அதுதான். பயிற்சி நன்றாக நடந்திருந்தால் பாதிப் பாட்டுகளுக்கு அதற்கு மேல் எதுவும் தேவைப்படாது.

ஐந்து பேரும் ஒரே நாளில் மாறவும் வேண்டாம். முதல் இரண்டு மூன்று நிகழ்ச்சிக்கு ஒருவர் மட்டும் டேப்லெட்டில் வாசிக்கட்டும், மற்றவர்கள் ஃபைலோடு இருக்கட்டும். கீபோர்டு வாசிப்பவர் முதலில் மாறுவதுதான் வழக்கம், ஸ்டாண்ட் ஏற்கெனவே முன்னால் இருக்கிறது. ட்ரம்மரைக் கடைசியாக மாற்றுங்கள். அவருக்குத் தேவை டெம்போ எண்ணும் அந்தத் தரைத் தாளும்தான், அதற்கு ஒரு டேப்லெட் வாங்கச் சொன்னால் நியாயமாகவே கோபப்படுவார்.